உபகாரச் சம்பளமும் ஏழு வருஷக் கணக்கும்

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் அண்ணனுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். பெங்களூர் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மூட்டையோடு மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "சார், பாப்பா ஏதோ ஃபாரத்தைப் பாத்துட்டு அழுவுது. இன்னான்னு கொஞ்சம் பாருங்க" என்றார். கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு பிழைக்கிறவனுக்கு சர்க்கார் விதியெல்லாம் அத்துப்படி என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. என் வீட்டம்மாவுக்கு அந்த நம்பிக்கை கிடையாது என்பது வேறு விஷயம்.

பெண் இரண்டாம் பி.யு.சி. கெட்டிக்காரி. அப்பா, அம்மா இரண்டு பேரும் பத்தாவது தாண்டாதவர்கள். இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று ஆசை. கர்நாடக நுழைவுத் தேர்வான சி.இ.டி.க்கு விண்ணப்பம் போட உட்கார்ந்திருக்கிறாள். "ஏழு வருஷம் கர்நாடகாவுல படிச்சிருக்கணுமாம் அங்கிள். எனக்கு அஞ்சுதான் வருது" என்றாள்.

ஏழாம் வகுப்புவரை ஊரில் பாட்டியிடம் இருந்து படித்தவள். பாட்டி போன பிறகு எட்டாம் வகுப்புக்கு இங்கே வந்து சேர்ந்தாள். எட்டு, ஒன்பது, பத்து, பி.யு.சி. இரண்டு வருஷம். விரல் விட்டு எண்ணினால் ஐந்து. விதியோ, ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுக்குள் ஏழு வருஷமாவது கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், பத்தாவதையோ பி.யு.சி.யையோ இங்கே தேறியிருக்க வேண்டும் என்கிறது. அப்படியிருந்தால்தான் அரசு ஒதுக்கீட்டு இடம், அதற்கான குறைந்த கட்டணம்.

"சரிம்மா, தமிழ்நாட்டுல பாப்போம்" என்றேன். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று விரிந்தது. அதில் சேர்கிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும் என்று அந்த வருஷமே அறிவித்தார்கள். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டுவரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு என்றால் அதுவும் ஏழு வருஷம்! இந்தப் பெண்ணுக்கு அங்கே இரண்டு இருக்கிறது, இங்கே ஐந்து இருக்கிறது. கூட்டினால் ஏழு. ஆனால் கூட்டிப் பார்க்கும் அதிகாரி எந்த மாநிலத்திலும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த "நம்ம ஊர்ப் பிள்ளை" கணக்கு எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஊரை விட்டு வந்து பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் ஒரு நாள் தேவைப்படும்.

எங்கள் தாத்தா ஸ்காலர்ஷிப்பை "உபகாரச் சம்பளம்" என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. உபகாரம் செய்கிறவன் யார், யாருக்குச் செய்கிறான் என்பதுதான் கேள்வி.

பெங்களூரில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய தமிழ்த் தொடர்பு உண்டு. 1881-ல் மைசூர் ராஜ்யம் ஆங்கிலேயரிடமிருந்து மறுபடி உடையார்கள் கைக்கு வந்தபோது முதல் திவான் ரங்காச்சார்லு, செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். அவருக்கு அடுத்து 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுக்காரர். இவர்கள் காலத்தில் சென்னை மாகாணத்தில் படித்தவர்கள் இங்கே பெரிய உத்தியோகங்களுக்கு நிறைய வந்தார்கள். "மைசூர் மைசூர்க்காரர்களுக்கே" என்ற குரல் எழுந்தது அப்போதுதான். அந்தக் குரல் யாரை நோக்கி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த கட்டம் 1918. வெளியூரார், உள்ளூரார் என்ற பேச்சோடு, பிராமணர், பிராமணரல்லாதார் என்ற கேள்வியும் பெரிதாகி, நாலாம் கிருஷ்ணராஜ உடையார் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு போட்டார். உத்தியோகத்தில் பிற்பட்ட வகுப்பினருக்குப் பங்கு வேண்டும், அதற்கு முன்னால் அந்த வகுப்புப் பிள்ளைகள் படிக்க உபகாரச் சம்பளமும் வசதிகளும் வேண்டும் என்ற வழியில் போனது அந்தக் குழு. திவானாக இருந்த விஸ்வேஸ்வரய்யாவுக்கு இது உடன்பாடில்லை. அந்த வருஷமே பதவியை விட்டு விலகினார். படிப்புக்கு சர்க்கார் கொடுக்கும் பணம் என்பது இந்த ஊரில் அன்றிலிருந்து வெறும் தர்மமாக இல்லை, பங்கு கேட்கும் விஷயமாகிவிட்டது.

1944-ல் இந்திய அரசாங்கம், மெட்ரிக் தாண்டிப் படிக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. 'போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்' என்று இன்றைக்கும் கல்லூரி அலுவலகங்களில் சொல்கிறார்களே, அதன் மூலம் அதுதான்.

பிறகு சுதந்திரம், அரசியல் சட்டம். பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 15-ஆம் பிரிவு. அப்படியானால் "எங்கள் மாநிலத்துப் பிள்ளைக்கு மட்டும்" என்று எப்படிச் சொல்ல முடிகிறது? இந்தக் கேள்வி சீக்கிரமே நீதிமன்றத்துக்குப் போனது. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் அன்றைய மத்திய பாரத மாநிலத்துப் பிள்ளைகளுக்குக் கிடையாத ஒரு கேபிடேஷன் கட்டணம், வெளியாருக்கு மட்டும் வருஷம் 1,500 ரூபாய். டெல்லியிலிருந்து வந்து சேர்ந்த ஜோஷி என்ற மாணவர் வழக்குப் போட்டார். 1955-ல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அவருக்கு எதிராகச் சொன்னது. பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு; சட்டம் தடுப்பது முதலாவதை மட்டும்; தன் மக்களின் படிப்புக்குச் செலவழிக்கும் மாநிலம், அங்கே வசிப்பவர்களுக்குச் சலுகை காட்டலாம் என்றது.

நம் வாழ்க்கையில் பல விஷயங்களை முடிவு செய்யும் வரி இது. பிறப்பை வைத்துப் பிரிக்காதே, இருப்பை வைத்துப் பிரிக்கலாம். சரி, இருப்பை எப்படி அளப்பது? எத்தனை வருஷம் இருந்தால் ஒருவன் "இந்த ஊர்க்காரன்"?

அன்றைய மைசூர் மாநிலம் ஒரு பதில் வைத்திருந்தது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வழி விடும் படிப்பில் சேர, பத்து வருஷமாவது மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும். அதை எதிர்த்து வசுந்தரா என்ற மாணவி போட்ட வழக்கில், 1971-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. வெளியிலிருந்து வந்து படித்துவிட்டு ஓடிப்போகாமல், இங்கேயே இருந்து வைத்தியம் பார்ப்பவர்கள் வேண்டும் என்ற மாநிலத்தின் வாதத்தில் நியாயம் இருந்தது. இன்றைய ஏழு வருஷத்துக்கு அண்ணன் இந்தப் பத்து வருஷம்.

எண்பதுகளை நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் இடம் கிடைக்காத எத்தனை பேர் பெங்களூர், கோலார், தும்கூர், தாவணகெரே என்று டொனேஷன் கட்டிப் படிக்க வந்தார்கள்! எங்கள் தெருவிலேயே இரண்டு அண்ணன்கள் வந்தார்கள். ஒருவர் வீட்டில் வயலை விற்றார்கள். 1984-ல் கர்நாடக அரசு கேபிடேஷன் கட்டணத்தைத் தடை செய்து சட்டம் போட்டது. 1989 ஜூனில் தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஓர் அறிவிக்கை வந்தது. அதில் மூன்று விலை: அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வருஷம் 2,000 ரூபாய். மற்ற இடங்களில் கர்நாடக மாணவருக்கு 25,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வெளி மாநிலத்தாருக்கு 60,000 ரூபாய்வரை.

ஒரே வகுப்பறை, ஒரே பெஞ்ச், மூன்று விலை. உதவித்தொகை என்றால் கையில் கொடுக்கும் காசோலை என்று நினைக்கிறோம். உண்மையில் கர்நாடகம் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த பெரிய உதவித்தொகை, அந்த 2,000-க்கும் 60,000-க்கும் நடுவில் இருந்த 58,000 ரூபாய்தான்.

அந்த 60,000-ஐ எதிர்த்து மீரட்டிலிருந்து வந்த மோகினி ஜெயின் போட்ட வழக்கு 1992-ல் கேபிடேஷன் கட்டணத்தையே செல்லாது என்றது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் ஐந்து நீதிபதிகள், தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடம் இலவச இடம், பாதி கட்டண இடம் என்று ஒரு திட்டமே வகுத்துக் கொடுத்தார்கள். அதை நடத்தத்தான் கர்நாடகத்தில் 1994-லிருந்து சி.இ.டி. வந்தது. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அந்தப் பாதிப்பாதித் திட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் அரசு இடம், அதற்குக் குறைந்த கட்டணம், அது மாநிலத்துப் பிள்ளைக்கு என்ற அமைப்பு நிலைத்துவிட்டது.

கவனித்தீர்களா? இந்தச் சுவர் கட்டப்பட்டது பையில் பணத்தோடு வந்த வெளியூர்க்காரனைத் தடுக்க. ஆனால் இன்றைக்கு அதில் முட்டிக்கொண்டு நிற்பது யார்? இஸ்திரிப் பெட்டியோடு வந்தவரின் மகள்.

என் மகளையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்.கே.ஜி.யிலிருந்து பெங்களூரிலேயே படிக்கிறாள். ஏழு வருஷம் என்ன, பன்னிரண்டு வருஷம் காட்டலாம். எங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் அவள் "கர்நாடக மாணவி" ஆகிவிட்டாள். காரணம் எனக்கு மாதச் சம்பளம், ஒரே வீடு, ஒரே பள்ளி. பிழைப்பு நிலைக்காதவன்தான் பிள்ளையைக் கொஞ்ச நாள் பாட்டி வீட்டில், கொஞ்ச நாள் இங்கே என்று மாற்றி மாற்றி விடுகிறான். நடுவில் ஊர் மாறும் பிள்ளைகளைப் பாருங்கள். கட்டட வேலைக்காரர் பிள்ளை, வீட்டு வேலை செய்கிறவர் பிள்ளை, ஹோட்டல் தொழிலாளி பிள்ளை. யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் கணக்கு உதைக்கிறது.

கர்நாடக விதியில் வேறு வாசல்களும் உண்டு. பெற்றோரில் ஒருவர் இங்கே ஏழு வருஷம் படித்திருந்தால் ஒரு வழி. ராணுவத்தார், மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு ஒரு வழி. வெளி மாநிலத்தில் வாழும் கன்னடத் தாய்மொழிப் பிள்ளைகளுக்கும் ஒரு வழி. காசர்கோட்டில் படிக்கும் கன்னடப் பிள்ளையை "நீயும் எங்கள் பிள்ளை" என்று கூப்பிடும் அந்த வழியை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனசு. இந்தப் பெண்ணுக்குப் பொருந்தும் வாசல் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

சாதிச் சான்றிதழ் விஷயம் இன்னும் சிக்கல். ஆந்திராவில் பழங்குடியாக இருந்த ஒரு குடும்பத்துப் பையன், அப்பாவுக்குப் பம்பாயில் உர நிறுவன வேலை என்பதால் அங்கே வளர்ந்து, அங்கே மருத்துவம் படிக்க இட ஒதுக்கீடு கேட்டார். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு. ஒரு மாநிலத்தின் பட்டியல் அந்த மாநிலத்துக்குத்தான், குடிபெயர்ந்து வந்தவர் அதை இன்னொரு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அட்டவணை சாதியாருக்கு 1950-ஆம் வருஷ ஜனாதிபதி ஆணைதான் அடிப்படை. அந்தச் சமயத்தில் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது என்று பார்ப்பார்கள்.

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆதி திராவிடர் கர்நாடகப் பட்டியலிலும் இருப்பதால், 1950-க்கு முன்பே வந்த குடும்பம் இங்கேயே சான்றிதழ் வாங்கலாம். 2001-ல் சுரங்கம் மூடியபோது அந்தப் பிள்ளைகளுக்கு மிஞ்சியது அந்தக் காகிதமும் பெங்களூர் ரயிலும்தான். அதே கிராமம், அதே சாதி, ஆனால் தாத்தா வராமல் அப்பா 1980-ல் வந்தார் என்றால் கதை வேறு. அவர் பிள்ளை சான்றிதழுக்குத் தமிழ்நாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. அமெரிக்காவில் 'இன் ஸ்டேட்' கட்டணத்துக்கு அலையாத தமிழ்க் குடும்பம் உண்டா? அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வருஷ இருப்பைத்தான் கேட்கிறார்கள். கனெக்டிகட் மாநிலம் ஒரு காலத்தில், சேரும்போது வெளி மாநிலத்தார் என்றால் படித்து முடிக்கும்வரை வெளி மாநிலத்தார்தான் என்று விதி வைத்திருந்தது. 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. காத்திருக்கச் சொல்லலாம், ஆனால் "நான் இங்கே குடியேறிவிட்டேன்" என்று நிரூபிக்க ஒரு வாய்ப்பாவது கொடு என்றது. நம்மூர் விதியில் அந்த வாய்ப்புதான் இல்லை. இஸ்திரி அண்ணன் இருபது வருஷமாக இங்கே வாடகை கொடுக்கிறார், அரிசி பருப்புக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிறார். அதெல்லாம் கணக்கில் வராது. மகள் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த வருஷம் மட்டும்தான் கணக்கு.

தமிழ்நாட்டையும் விட முடியாது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்கல்விக்குக் கட்டணச் சலுகை என்று 2010-ல் கொண்டுவந்தது அந்த மாநிலம்தான். 2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று கல்லூரி போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டங்களும் வந்தன. பெருமையாக இருக்கிறது. ஆனால் மாதம் ஆயிரத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டுவரை அங்கே படித்திருக்க வேண்டும். தமிழ் படித்து, தமிழ் பேசி, பொங்கலுக்கு மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடும் பிள்ளையை, பஸ் பிடித்து மாநில எல்லை தாண்டியதற்காக ஊர் மறந்துவிடுகிறது.

ரேஷன் கார்டுக்கு ஒரு வழி பிறந்தது அல்லவா? 2019-ல் ஆரம்பித்து 2022-க்குள் எந்த மாநிலத்துக் கார்டுக்கும் எந்த மாநிலத்திலும் மத்திய அரசின் அரிசி வாங்கலாம் என்று ஆனது. அரிசி கூடவே வரும் என்றால் படிப்புச் சலுகையும் வரலாம். பன்னிரண்டு வருஷமும் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை, இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் விழக் கூடாது. இரண்டு அரசும் சேர்ந்து உட்கார்ந்து, "அங்கே இரண்டு, இங்கே ஐந்து, மொத்தம் ஏழு, வா" என்று சொன்னால் போதும். பெரிய செலவும் ஆகாது.

அது நடக்கும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். எண்ணிக்கொண்டே இருப்பது. பிள்ளை எந்த வகுப்பு எந்த மாநிலத்தில் படித்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றிதழ் வாங்காமல் வெளியே வராதீர்கள், பிறகு தேடிப் போனால் அலைச்சல். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் ஒரு முடிவு எடுங்கள்: ஆறிலிருந்து ஊரா, பெங்களூரா? எடுத்தபின் நடுவில் மாற்றாதீர்கள். ஊரில் வாங்க வேண்டிய சான்றிதழ்களை பன்னிரண்டாவது பரீட்சைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். நானும் அவள் அப்பாவும் இரண்டு தடவை அவர்கள் ஊர்ப் பக்கம் தாலுகா ஆபீஸ் போய், பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர்கள் என்று பிறப்பிடச் சான்றிதழ் வாங்கினோம். வெளி மாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் பொதுக் கலந்தாய்வில் அந்த வழி இருக்கிறது. ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் 7.5 கிடையாது, மாதம் ஆயிரம் கிடையாது. விடுதிக் கட்டணத்துக்கு அண்ணன் பக்கத்து அபார்ட்மென்ட்டிலும் துணி எடுக்க ஆரம்பித்துவிட்டார். ராத்திரி பத்து மணிக்கும் வண்டியில் விளக்கு எரிகிறது.

போன வாரம் சட்டை வாங்கப் போனபோது பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "சார், சின்னவன் இப்போ நாலாவது. ஊர்லதான் கீறான். இங்க இட்டாந்து சேத்துடட்டுமா?"

அங்கேயே நின்று இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணினோம்.